உழைத்த உடலும் விளையாடும் உடலும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் பிள்ளைகளின் உடல் எடையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். உடல் நலிந்தால் கல்வியும் நலியும் என்பதே என் விடை.

பழவேற்காடு ஏரியில் வழிவழியாக நிலவிய பாடு முறையில் வலைவிடும் உரிமை நம்மவர்க்கு இல்லை. கையால் இறால் பிடிப்பதும், கிளிஞ்சல் அள்ளுவதும், கூலிவேலையுமே நமக்கு எஞ்சின. ஆகவே, சுண்ணாம்புக்குளத்துத் தாய் ஒருத்தி, "என் பிள்ளையாவது வெயில் படாமல் உட்கார்ந்து படிக்கட்டும்" என்று விரும்புவது இயல்பே. ஆயினும் கட்டாய உழைப்பு வேறு, விளையாட்டு வேறு. முன்னது உடலைத் தேய்ப்பது; பின்னது உடலை வளர்ப்பது. தலைச்சுமையை இறக்கும்போது விளையாட்டையும் சேர்த்து இறக்கிவிடலாகாது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற எடையின்றியும் இருந்தனர். பசி இன்னும் ஒழியவில்லை. அதே வேளையில், உலகெங்கும் பள்ளி வயதினரிடையே எடை குறைந்தோரைவிட உடற்பருமன் உடையோர் மிகுந்துவிட்டனர் என்று ஐ.நா. குழந்தைகள் நிதியம் 2025இல் அறிவித்தது. சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளைகளுக்கு ஓட இடமில்லை. சிற்றூரில் இடமிருந்தும், கைப்பேசியும் பொட்டலத் தின்பண்டமும் அவர்களைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டன.

ஒல்லியான பிள்ளைக்குக் கவலையில்லை என்றும் எண்ணற்க. இந்தியக் குழந்தைகள் வெள்ளையர் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், அவர்கள் உடலில் கொழுப்பின் பங்கு மிகுந்திருப்பதைப் புனே நகரில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் கண்டனர். இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பெரிதும் செலவிடுவது தசையே. தசை வளராமலும் இயங்காமலும் போனால் பிற்காலத்தில் நீரிழிவு நோய்க்கு வழி பிறக்கும். ஆகவே பருத்த பிள்ளையை எள்ளுவதும் மெலிந்த பிள்ளையைக் கவனியாது விடுவதும் தவறே.

5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் நன்கு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்கு ஆடுகளம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டுமென்கிறது. ஆடுகளத்திலும் நம்மவர் போராடியே இடம்பெற்றனர். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் ஆடுகளத்தைச் செப்பனிடும் பணியாளராக இருந்து, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருடன் ஆடியவர்களே இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் தந்தனர்!

இளைஞர்களே, நான் வேண்டுவன நான்கு. பள்ளியின் விளையாட்டு வேளையை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடாதபடி பெற்றோர் கேட்கட்டும். நம் குடியிருப்புக்கென ஒரு திடலை ஊராட்சியிடம் கோருங்கள். பருவமடைந்த பெண்பிள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். பிடித்த மீனில் ஒரு பங்கேனும் வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு வரட்டும்.

எழுத்தறிவைப் போலவே விளையாட்டும் நமக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்ட செல்வம். இரண்டையும் சேர்த்தே பெறுவோம்.