குழந்தையின் நரம்பும் காலத்தின் அருமையும்

(காலடிப்பேட்டைச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றியமையால், இவ்வூர் காலெட் பேட்டையாகிப் பின் காலடிப்பேட்டை என மருவிற்று. நூலின் இயல்பறிந்த மரபினராகிய உங்களுக்கு நரம்பின் இயல்பை விளக்குதல் எளிது. நரம்பும் ஒரு நூற்கற்றையே.

ஒரு நரம்பினுள் ஆயிரக்கணக்கான நுண்ணிழைகள் உள. ஒவ்வோர் இழையும் தண்டுவடத்திலோ அதனை அடுத்தோ உள்ள ஓர் உயிரணுவினின்று நீண்டு தசையையோ தோலையோ சேரும். இழை அறுந்தால், அறுந்த இடத்திற்கு அப்பாலுள்ள பகுதி அழிந்துபோம். இதனை 1850-இல் வாலர் என்னும் ஆங்கில அறிஞர் தவளையின் நாக்கு நரம்புகளில் கண்டார். உயிரணு பிழைத்திருப்பின், எஞ்சிய முனை தளிர்த்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளரும்.

"பச்சிளம் உடம்பு விரைவில் தேறும்" என்பது நம்மவர் கொள்கை. நரம்பின் திறத்தில் அஃது முற்றும் பொருந்தாது. வளர்ந்த வெள்ளெலியின் கால் நரம்பு நசுங்கினால், அதன் உயிரணுக்களிற் பெரும்பாலன பிழைத்து மீண்டும் இழை விடுகின்றன. பிறந்து சின்னாளே ஆன குட்டிக்கு அவ்வாறு நேரின், உயிரணுக்களிற் பெரும்பகுதி மடிகின்றது. தசையினின்று வரும் வளர்ச்சிப் பொருளே அப்பருவத்தில் அவற்றிற்கு உணவு. தொடர்பு அறவே அவை பட்டினியால் மாள்கின்றன. எஞ்சுவன சில இழைகளே; அவற்றுட் சில வழிதவறி வேறு தசையைச் சேர்வதும் உண்டு. இத்தகைய வளர்ச்சிப் பொருள்களைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினி, ஸ்டான்லி கோஹன் இருவரும் 1986-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே எலிக்குட்டியினும் முதிர்ந்த நரம்புடையது. ஆதலின் அவ்வளவு கேடு நேராது. எனினும் பாடம் ஒன்றுண்டு. கடினமான பிரசவத்தில் தோள் சிக்கிக் கழுத்து இழுபடும்போது, கைக்குச் செல்லும் நரம்புக்கற்றை நீண்டோ கிழிந்தோ போகலாம். அக்குழந்தையின் கை அசையாது தொங்கும். பெரும்பாலார்க்குத் தானே குணமாகும், சிலர்க்கு ஆகாது. நரம்பு தாமதித்துத் தசையை அடையுமாயின், தசை மெலிந்து பயனற்றதாகிவிடும்.

ஆதலின் தாய்மார்களே, அத்தகைய கையை இழுத்து நீவுதல் வேண்டா. "எண்ணெய் தேய்த்தாற் சரியாகும்" என்று மாதங்களைக் கடத்தவும் வேண்டா. உடனே மருத்துவரிடம் காட்டுக. மூட்டு இறுகாதிருக்க மெல்லிய பயிற்சிகளை அவர் கற்பிப்பார். மூன்று மாதமாகியும் முழங்கை மடங்கவில்லையெனின், அறுவை மருத்துவர் கண்டேயாதல் வேண்டும். இதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவுடைய ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு அண்மையிலேயே உளது.

தறியில் அறுந்த இழையை அன்றே முடிவது நம் தொழில் முறை. மறுநாளைக்கென்று விட்டால் துணியிற் பழுது நிற்கும். அவ்விழிப்பை நம் மக்களின் கையளவிலும் காட்டுவோமாக.