கால் ஊன்றிய அன்பு



நேற்றிரவு சொற்பொழிவு நிறைவுற்றபின் இவ்வூர் இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்து, "ஐயா, மேடையில் பேசுவோருக்கு உள்ளம் உருகினாற் போதுமா? அன்றி, ஏட்டைப் புரட்டி ஆயத்தம் செய்துகொண்டுதான் வரவேண்டுமா?" என்று வினவினார். அடுத்த ஆண்டு இத்திருவிழாவில் தாமும் பேச வேண்டும் என்பது அவர் விருப்பம். நாளை நாம் கண்ணப்ப நாயனார் வரலாற்றை விரித்துரைக்க இருக்கின்றோம். அவர் கேட்டதற்கு விடை அவ்வரலாற்றினுள்ளேயே இருத்தலால், அதனை இன்றே சொல்லிவிடுகின்றோம்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன், இளமை முறுக்கில், ஒரு சிவாலயத் திருவிழாவில் இதே வரலாற்றைப் பேசினோம். "கண்ணப்பர் என்ன படித்தார்? நமக்கு மட்டும் ஏடு எதற்கு?" என்பது அந்நாளில் நம் எண்ணம். குரல் இருந்தது, கண்ணீரும் இருந்தது. கேட்போரும் கலங்கினர். அதைக் கண்ட மிதப்பில் சிவகோசரியாரை எள்ளி நகையாடத் தொடங்கினோம். மந்திரம் அறிந்தவர் தோற்றார், அறியாதவர் வென்றார் என்று முழங்கினோம். கைதட்டல் அடங்க நெடுநேரமாயிற்று.

மறுநாட் காலை திருநீறு பெறச் சென்றபோது, அவ்வாலயத்தில் நெடுங்காலமாகப் பூசை செய்துவந்த முதிய குருக்கள் நம்மை ஏறிட்டு நோக்கி, "தம்பி, ஆறாம் நாள் பெருமானுக்குப் பின்னே ஒளிந்து நின்று பார்த்தவர் யார்?" என்று மட்டும் கேட்டார். ஆசிரியரிடம் பாடங்கேட்டிருந்தும், அப்பகுதியை நாம் ஊன்றிப் படித்ததில்லை. விடை சொல்ல இயலவில்லை.

அன்று மாலையே பெரியபுராணத்தைப் பிரித்தோம். ஒளிந்து நின்றவர் சிவகோசரியாரே. பெருமான் அவர் கனவில் எழுந்தருளி, வேடனது அன்பின் பெற்றியை எடுத்துரைத்து, மறுநாள் மறைந்திருந்து காணுமாறு பணித்தருளினார். கண்ணப்பரின் பேரன்பை அருகிருந்து காணும் பேறு அவருக்கே வாய்த்தது. அத்தகைய பெரியவரை, அவர் செய்த பணியையே நாள்தோறும் செய்துவரும் ஒரு முதியவர் செவிகேட்க இழித்துரைத்திருக்கின்றோம்! கைதட்டலுக்காகச் செய்த அப்பிழையை நினைந்தால் இன்றும் உள்ளம் கூசுகின்றது.

அடுத்த ஆண்டு அதே மேடை. இம்முறை தவறே நேரக்கூடாதென்று, நூறு பக்கக் குறிப்பேடு ஒன்றில் வரிக்குவரி எழுதிக்கொண்டு போய் அப்படியே ஒப்பித்தோம். பிழை ஒன்றும் இல்லை; உயிரும் இல்லை. சிறுவர்கள் உறங்கிவிட்டனர். குருக்கள் எழுந்து மடைப்பள்ளிப் பக்கம் போய்விட்டார். பிழையுள்ள பேச்சை அவர் இருந்து கேட்டார், பிழையற்ற பேச்சைக் கேட்கவில்லை என்பது நமக்கு மிகவும் உறைத்தது.

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை மாலை வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் தம் முதற்பிரசங்கத்தைச் செய்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. நெஞ்சில் கனல் இல்லாதவர் அவ்வயதில் அப்பணிக்குத் துணிவாரா? ஆயினும், 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் பட்டம் அளித்தது அவருடைய கல்வியையும் நாவன்மையையும் ஒருங்கே கண்டன்றோ? சேக்கிழார் பெருமானுக்குத் தில்லையம்பலவன் முதலடி எடுத்துக்கொடுத்தான் என்பது நாம் போற்றும் வரலாறு. ஆனால் இறைவன் எடுத்துக்கொடுத்தது தொடக்கம் ஒன்றே. நாலாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடியவர் சேக்கிழார். சுந்தரர் அருளிய திருத்தொண்டத்தொகையும், நம்பியாண்டார் நம்பி அருளிய அந்தாதியும் அவர் உள்ளத்தில் முன்னமே ஊறியிருந்தன. சித்திரைத் திருவாதிரை தொடங்கி மறு சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டுக் காலம் அந்நூலைத் தில்லையில் அவர் விரித்துரைத்தார் என்பர். ஒருநாட் பேச்சுக்கே நமக்கு நா வறள்கின்றது!

இனிக் கண்ணப்பரிடம் வருவோம். அவர் ஆயத்தம் இல்லாதவர் என்று எண்ணியதே நம் அறியாமை. இறைச்சியைப் பதமறிந்து காய்ச்சினார். நாவில் இட்டுச் சுவை பார்த்து, நல்லனவற்றையே தேர்ந்தார். வாய் மஞ்சனநீர் சுமந்தது; தலைமயிர் மலர் சுமந்தது; கைகள் ஊன் சுமந்தன. இரவெல்லாம் வில்லேந்திக் காவல் நின்றார். பெருமான் கண்ணில் உதிரம் கண்டபோதும், பகைவரைத் தேடினார். பச்சிலை பிழிந்து பார்த்தார். அது பயன்படாதபோதுதான் தம் கண்ணை அம்பினால் இடந்து அப்பினார். குருதி நின்றது, மகிழ்ந்து கூத்தாடினார்.

மற்றைக் கண்ணிலும் உதிரம் பெருகியது. மருந்து கைவசம் உள்ளதே என்று அவர் அஞ்சவில்லை. அடியார்களே, இவ்விடத்தைச் சற்றே நின்று நோக்குங்கள். எஞ்சிய கண்ணையும் இடந்துவிட்டால், அப்ப வேண்டிய இடத்தைக் காண்பது எங்ஙனம்? அன்பு கரைகடந்த அந்த நொடியில், அந்த வேடர் இதை எண்ணினார். எண்ணித் தம் இடக்காலைப் பெருமான் திருக்கண்ணருகே ஊன்றிக்கொண்டு அம்பை எடுத்தார். பித்தன் செயல் என்று உலகம் சொல்லும் அச்செயலினுள் எத்துணைத் தெளிந்த ஆயத்தம்! அன்பினால் அறிவு மழுங்கவில்லை. பெருமானுக்குக் குறை நேர்ந்துவிடலாகாது என்ற தவிப்பே, முன்னதாக எண்ணிப் பார்க்கும்படி அவரைத் தூண்டியது.

இவ்வுண்மை விளங்கிய பின்னர், மூன்றாம் ஆண்டு அம்மேடையில் ஏறினோம். ஒரு திங்கள் முழுதும் அப்புராணத்தையே ஓதியிருந்தோம். ஆயினும் கையில் ஏடு கொண்டுசெல்லவில்லை. சிவகோசரியாரை உரிய பெருமையோடு சொன்னோம். கால் ஊன்றிய கட்டத்திற்கு வந்தபோது நமக்குக் குரல் அடைத்துவிட்டது. கூட்டத்தில் ஓசையே இல்லை. முன்வரிசையில் தூணிற் சாய்ந்திருந்த குருக்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "அந்தக் காலை ஊன்றியதை இன்னொரு முறை சொல்லு, தம்பி" என்றார்.