கடலுக்கு முதுகு காட்டி ஒரு படம்



கொண்டச்சிக் குடா மேற்கே பார்த்துக் கிடக்கிறது. மன்னாரிலிருந்து தெற்கே வந்து, அருவி ஆறு கடலில் விழும் அரிப்பைக் கடந்து, சிலாவத்துறையையும் கடந்தால் கொண்டச்சி. அதற்கும் தெற்கே மறிச்சுக்கட்டி, பிறகு வில்பத்துக் காடு. மேற்கே பார்த்த கரை என்றால் பொழுது கடலுக்குள்தான் இறங்கும். மாலை ஐந்தரை மணிக்கு மேல் அங்கே நிற்கிற எவரும் கைத்தொலைபேசியை எடுத்துச் சூரியன் பக்கம் நீட்டுவார்கள். நானும் நீட்டியிருக்கிறேன். வானம் சிவந்திருக்கும், தண்ணீர் மின்னும், ஒரு படகு கறுப்பாகத் தெரியும். படம் அழகாகத்தான் வரும்.

அந்தப் படத்தைக் கொண்டுபோய் நீர்கொழும்பில் எடுத்தது என்று சொல்லுங்கள், நம்புவார்கள். சிலாபத்தில் எடுத்தது என்றாலும் நம்புவார்கள். கடலைத் தாண்டிக் கேரளத்தில் எடுத்தது என்றாலும் மறுக்க ஆளில்லை. சூரியனுக்கும் தண்ணீருக்கும் ஊர்ப்பெயர் கிடையாது.

ஆகவே இன்று உங்களிடம் நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். கடற்கரையில் படம் எடுக்கும்போது, ஒரு படமாவது கடலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். கரையை எடுங்கள்.

முதலில் வெளிச்சத்தின் கணக்கைச் சொல்கிறேன். மேற்குக் கரையில் அந்தி வெயில் கடலின் பக்கமிருந்து தாழ்ந்து, சாய்ந்து வந்து கரையின் மேல் விழுகிறது. செம்மண் மேடு, பனை, வாடி, வலை காயவைக்கிறவரின் முகம் எல்லாம் அந்த அரை மணி நேரம் துலங்கும். சூரியனைப் பார்த்துப் படம் எடுத்தால் முன்னால் நிற்பவர் கரிக்கோடாகிவிடுவார். திரும்பி நின்று எடுத்தால் அவருடைய கண்ணிமைகூடத் தெரியும். உச்சிப் பொழுதில் இந்தக் கரையில் எதையும் எடுக்க முடியாது. மணல் கண்ணைக் கூசவைக்கும், தூரத்தில் கானல் அலையும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்பும் மணலும் லென்ஸில் படியும். சட்டை நுனியால் துடைக்காதீர்கள்; கீறல் விழும். ஊதிவிட்டு, மென்மையான துணியால் துடையுங்கள்.

வெளிச்சம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. கடல் எப்படியும் அங்கேதான் இருக்கப்போகிறது. கரைதான் போய்விடும். கொண்டச்சிக் கரையின் கதையே அதுதான்.

இன்றைக்கு அங்கே போனால் ஆளரவம் குறைந்த ஒரு மணற்கரையைப் பார்ப்பீர்கள். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் குடாவிலும், அரிப்பு முதல் மறிச்சுக்கட்டி வரையான கரையிலும், முத்துக்குளிப்புக் காலத்தில் ஒரு பட்டணமே எழும்பும். மாரிக் காற்று ஓய்ந்து சோளகம் தொடங்குவதற்கு முன்னர் கடல் அமைதியாகக் கிடக்கிற மாசி, பங்குனி மாதங்கள்தான் அதற்குக் காலம். கம்பும் கிடுகும் கொண்டு தெருத் தெருவாகக் குடில்கள் கட்டுவார்கள். கச்சேரி, ஆஸ்பத்திரி, பொலிஸ், கடைத்தெரு எல்லாம் வந்துவிடும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குளியாட்கள் வருவார்கள். பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள் வருவார்கள். முத்து வாங்க வந்த செட்டிமார், மூர் வணிகர், கூடவே சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லி மந்திரம் ஓதும் கடற்கட்டி என்று ஆயிரக்கணக்கில் சனம் கூடும்.

நள்ளிரவில் தரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள், கடலடியில் முத்துச் சிப்பி கிடக்கிற பாருக்குப் புறப்படும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி இறங்கிய ஆள், ஒரு நிமிடம் முன்பின்னாக மூச்சைப் பிடித்துச் சிப்பியை அள்ளிக் கூடையில் போட, மேலே நிற்பவர் கயிற்றை இழுப்பார். மதியத்துக்குப் பிறகு கடற்காற்றில் தோணிகள் திரும்பும். கொட்டு என்று சொல்லும் வேலியடைத்த முற்றத்தில் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவருக்கு. அரசின் பங்கு அன்றைக்கே ஆயிரக் கணக்கில் ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவைத்து, புழுவும் ஈயும் மொய்க்கிற அந்தக் குழம்பைக் கழுவி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதாத பயணி இல்லை.

1905இல் நடந்த முத்துக்குளிப்புதான் பெரியது. 8 கோடிக்கும் மேலான சிப்பிகள் கரையேறின. அடுத்த ஆண்டு, 1906இல், யாழ்ப்பாணத்தில் சிவில் சேவை அதிகாரியாக இருந்த லெனாட் வுல்ஃப் மறிச்சுக்கட்டிக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் எழுத்தாளராகவும் வர்ஜீனியா வுல்ஃபின் கணவராகவும் உலகம் அறிந்தவர் அவர். தன் சுயசரிதையில் அந்த முகாமைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே 1906இல் முத்துப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனி எடுத்தது. சிப்பி அற்றுப்போனது. குத்தகைக் காலம் முடியும் முன்பே கம்பனியும் மூடப்பட்டது.

பருவம் முடிந்ததும் அந்தப் பட்டணம் என்னவாகும்? கிடுகைப் பிரித்துக் கம்பைக் கழற்றிக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். அடுத்த சோளகத்தில் மணல் மூடிவிடும். சிப்பி ஓடு மட்டும் கிடக்கும். அப்படியொரு பட்டணம் இருந்தது என்று இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தக் காலப் படங்கள்தான். தோணிகளின் வரிசை, கொட்டின் வேலி, ஏலத்துக்குக் கூடிய தலைப்பாகைகள். அதை எடுத்தவர்கள் பெரிய பெட்டிக் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்து கரையின் பக்கம் திருப்பியவர்கள். அவர்கள் சூரியாஸ்தமனத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போயிருந்தால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிராது.

கமரா வருவதற்கு முன்பும் இந்த வேலை நடந்திருக்கிறது. அரிப்பில் செம்மண் மேட்டின் மேல் இடிந்து நிற்கிற ஒரு கட்டடத்தை ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பார்கள். அல்லி அரசாணியின் கதை தெற்கே குதிரைமலை வரைக்கும் இந்தக் கரை நெடுகச் சொல்லப்படுவது. ஆனால் இந்தக் கட்டடம் அல்லியுடையதல்ல. முத்துக்குளிப்பை மேற்பார்க்க வரும்போது தங்குவதற்காக, பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. டோரிக் என்ற கிரேக்கத் தூண் முறையில் கட்டியதால் டோரிக் மாளிகை என்று பெயர். செங்கல் கட்டடம், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு. அந்த நாளில் இலங்கையில் இருந்த பாதிரியார் ஜேம்ஸ் கோர்டினர் அதைப் பார்த்து வரைந்தார். அவருடைய நூல் 1807இல் வெளிவந்தது. அந்தப் படத்தில் மாளிகை முழுசாக, மாடியோடு நிற்கிறது.

இன்றைக்கு அதன் பக்கத்தில் நின்றால் கடல் மேட்டை அரித்து அரித்து வருவது தெரியும். சுவர்கள் வெடித்து, செங்கல் துண்டங்கள் கீழே கடற்கரையில் விழுந்து கிடக்கின்றன. கோர்டினரின் படத்தையும், இடைப்பட்ட காலத்தில் எடுத்த ஏதாவது ஒரு போட்டோவையும், இன்று நீங்கள் எடுக்கும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

நேயர்களே, இதுவரை சொன்னது ஆளுநர்களும் வணிகர்களும் வந்துபோன கதை. இந்தக் கரையில் ஊர் கட்டி வாழ்ந்த சனத்தின் கதை இனித்தான் வருகிறது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, சிலாவத்துறை என்று முசலிப் பக்கத்து முஸ்லிம் ஊர்களும் அப்படித்தான் வெறுமையாகின. பெரும்பாலானவர்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய் ஓலைக் கொட்டில்களில் குடியேறினார்கள். 2007இல் இதே முசலிப் பக்கத்து முள்ளிக்குளத்தின் கத்தோலிக்கத் தமிழர்கள் ஊரைவிட்டு எழும்ப வேண்டி வந்தது. அங்கே கடற்படை முகாம் அமைந்தது. நிலத்தில் ஒரு பகுதி 2017இல்தான் விடுவிக்கப்பட்டது.

அவசரத்தில் வெளிக்கிட்ட குடும்பங்கள் கொண்டுபோனது கையில் அகப்பட்டதை. அல்பத்தை எடுக்க நினைத்தவர்கள் எத்தனை பேர்? நினைத்தாலும், அந்த அல்பத்துக்குள் இருந்தது என்ன? கலியாணப் படம், ஸ்டுடியோவில் திரைக்கு முன் நின்று பிடித்த படம். வீட்டு முற்றத்தை, கிணற்றடியை, பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையை யாரும் படம் பிடித்து வைத்திருக்கவில்லை. தினமும் பார்க்கிற கிணற்றுக்குப் படம் எதற்கு என்றுதான் எவரும் நினைப்போம்.

2009இல் யுத்தம் முடிந்து திரும்பிவந்தபோது ஊரைக் காடு மூடியிருந்தது. எல்லையைக் கண்டுபிடிக்கக் கிணற்றுக் கட்டும் புளியமரமும் பள்ளிவாசல் சுவரும்தான் துணை. பிறகு, 2015 வாக்கில், மறிச்சுக்கட்டிப் பக்கத்து மீள்குடியேற்றத்தைப் பற்றி நாடு முழுவதும் பெரிய வாதம் எழுந்தது. இது பழைய ஊர் நிலம் என்றார்கள் ஒரு சாரார். வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்றார்கள் இன்னொரு சாரார். அந்த வழக்கை இங்கே நான் தீர்க்க வரவில்லை. ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த நிலத்தை மேலேயிருந்து செய்மதி எடுத்த படங்கள் பேச்சில் வந்தன. தரையில் நின்று, முற்றத்தையும் வேலியையும் ஒரு மனிதர் எடுத்த படம் எத்தனை வந்திருக்கும்?

படம் இல்லாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் சந்தித்து, இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவற்றைச் சேர்த்து 2011இல் தி இன்கம்ப்ளீட் தோம்பு (முற்றுப்பெறாத காணிப் பதிவேடு) என்ற நூலாக்கினார். கமரா செய்யாமல் விட்டதை அங்கே பென்சில் செய்தது.

கடற்கரைப் படம் நினைவைக் கொண்டுவரும் என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தப் படம் கொண்டுவரும்? கொண்டச்சியில் பிறந்து புத்தளத்தில் முதுமையடைந்த ஒரு பெரியம்மாவிடம் அந்தி வானத்தின் படத்தைக் காட்டிப் பாருங்கள். “வடிவாய்க் கிடக்கு மகன்” என்று சொல்லித் திருப்பித் தந்துவிடுவார். அதே கரையில் ஒரு வளைந்த பனையும், பக்கத்தில் ஒற்றையடிப் பாதையும், அப்பால் மரமுந்திரிகைத் தோட்டமும் தெரிகிற படத்தைக் காட்டுங்கள். கையிலிருந்து அதை விடமாட்டார். “இந்தப் பாதையால போனால் யாருடைய வளவு வரும்?” என்று தொடங்கி, ஒரு தலைமுறையின் கதையைச் சொல்லி முடிப்பார்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பாடம்தான். 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் தனுஷ்கோடியை அழித்தது. இடிந்த தேவாலயத்தை இன்று பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். தலைமன்னார்க் கப்பலுக்காகச் சனம் காத்து நின்ற அந்தக் கடைத்தெருவின் படத்துக்குத்தான் தட்டுப்பாடு.

எனவே, கமரா வைத்திருப்பவர்களுக்குச் சில வேண்டுகோள்கள். கரையை எடுக்கும்போது அசையாத ஒன்றை, ஒரு கிணற்றுக் கட்டையோ கோபுரத்தையோ மினாராவையோ, சட்டத்துக்குள் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று, அதே மாதத்தில் எடுங்கள். மாதம் முக்கியம். சோளகத்தில் கடல் இழுத்துக்கொண்ட மணலை மற்றப் பருவத்தில் திருப்பித் தருவதுண்டு. ஆடியில் எடுத்ததையும் மாசியில் எடுத்ததையும் ஒப்பிட்டுக் கரை போய்விட்டது என்று சொல்லக்கூடாது. படை முகாம்களின் பக்கம் கமராவைத் திருப்ப முன் அனுமதி கேளுங்கள். வாடியில் வேலை செய்கிறவரை எடுக்க முன் அவரையும் கேளுங்கள். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள்.

கடைசியாக, படத்தோடு பேச்சையும் சேருங்கள். எந்த இடம், எந்த நாள், யாருடைய வளவு, அந்தப் பாருக்கு என்ன பெயர், அந்தத் துறையை என்னவென்று சொல்வார்கள் என்பதை ஊர்ப் பெரியவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். கைத்தொலைபேசியில் அவர் குரலைப் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது. பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும். இந்த வேலைக்குப் பெரிய கமரா தேவையில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு தவணை விடுமுறையில் செய்துமுடிக்கலாம். முசலியில் ஒரு பாடசாலை தொடங்கினால், அரிப்பில் இன்னொன்று தொடரும்.

கொண்டச்சிக்குப் போகிறவர்கள் அந்திச் சூரியனை எடுக்கவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எடுங்கள். எடுத்த பிறகு திரும்பி நில்லுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே.