சுத்தியலுக்குப் புதுப் பிடி

சுத்தியலின் தலை ஆட ஆரம்பித்தால் பல வீடுகளில் ஒரே வைத்தியம்தான். ராத்திரி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவோம். காலையில் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கெட்டி நிலைக்காது. தண்ணீர் குடித்த மரம் உப்பப் பார்க்கும். சுற்றியுள்ள இரும்பு இடம் கொடுக்காது. உள்ளே நார்கள் நசுங்கிப்போகும். காய்ந்ததும் மரம் பழைய பருமனைவிடச் சிறுத்துவிடும், ஆட்டம் முன்னைவிடக் கூடும். அப்படி ஆடும் தலை ஓங்கிய வேகத்தில் கழன்று பறந்தால், பக்கத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே புதுப் பிடி போடுவதே சரி. அதை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் பழைய பிடியைத் தலைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்துவிட்டு, துளைக்குள் மிஞ்சிய கட்டையைக் கீழிருந்து மேலாகத் தட்டி எடுங்கள். நெருப்பில் போட்டு எரிக்காதீர்கள். அடிக்கும் முகத்தைச் சூடாக்கித் தோய்த்து உரமேற்றியிருப்பார்கள். நெருப்பு பட்டால் அந்த உரம் போய்விடும்.

அடுத்தது மரம். அமெரிக்காவில் ஹிக்கரி, இங்கிலாந்தில் ஆஷ், நம் பக்கத்தில் கருவேலம், சடச்சி. அதிர்ச்சியைத் தாங்கும் மரங்கள் இவை. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரக் கட்டையைப் பொருத்தினால் சில வாரங்களில் அது சுருங்கித் தளர்ந்துவிடும். பிடியைப் பக்கவாட்டில் பாருங்கள்: நார் ஓட்டம் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நேராகப் போக வேண்டும். நடுவில் சாய்ந்து வெளியேறினால், உடைவதும் அந்த இடத்தில்தான்.

இப்போது தலையில் உள்ள துளையை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். நல்ல சுத்தியலில் அது நடுவில் குறுகி, இரு வாய்களிலும் சற்று அகன்றிருக்கும். பிடி கீழ் வாயிலிருந்து நுழைந்து, அந்தக் குறுகலைத் தாண்டி, மேல் வாயில் ஆப்பால் விரிய வேண்டும். விரிந்த மரம் குறுகலைத் தாண்டித் திரும்பி வராது. தலை கழலாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பிடியின் தலைப்பக்கத்தில், துளையின் நீளவாக்கில், முதலிலேயே ஒரு வெட்டு விடுங்கள். துளையின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதும். பிறகு பிடியைத் துளையில் நுழைத்துத் தட்டி, வெளியே எடுத்துப் பாருங்கள். இரும்பு உரசிய இடம் கறுத்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுங்கள். அவசரப்பட்டு அதிகமாக ராவிவிட்டால் அந்தக் கட்டை வீண்.

பொருத்தம் வந்ததும் தலையைத் தரையில் வைத்து இடிக்க வேண்டாம். தலை கீழே தொங்கும்படி பிடியைக் கையில் தூக்கிப் பிடித்து, பிடியின் அடிப்பக்கத்தைக் கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் தலை மேலேறும்! கனமான இரும்பு சட்டென்று நகராமல் நிற்க, பிடி மட்டும் அதற்குள் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

மேல் வாயில் மரம் சற்றே நீட்டிக்கொண்டு நிற்கும்போது, வெட்டுக்குள் காய்ந்த கெட்டி மரத்தில் செய்த ஆப்பை இறக்குங்கள். அதற்குமேல் இறங்காது என்றானதும் மிச்சத்தை அறுத்துவிடலாம். அதன்மேல் சிறு இரும்பு ஆப்பைச் சாய்வாக அடித்தால் பிடிப்பு இன்னும் உறுதி. அவசரத்துக்கு ஆணி அடிப்பது ஆப்பாகாது. அது மரத்தைப் பிளக்குமே தவிர, சீராக விரிக்காது.

கடைசியாகப் பிடியை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அன்றைக்கு ஒவ்வொரு சுத்தியலையும் கையில் எடுத்துத் தலையை ஆட்டிப் பாருங்கள். ஆப்பு மேலெழும்பியிருக்கிறதா, பிடியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடுவதைத் தனியே எடுத்து வையுங்கள். அதற்குப் புதுப் பிடி போட்ட பிறகே அடுத்த ஆணி.