குழந்தைகளின் கரப்பான்

(நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் மருத்துவன் அல்லன். பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். ஆயினும் இம்மேடையில் ஒரு நோயைப் பற்றிப் பேசத் துணிந்தேன். என் இளைய மகளின் கரப்பானோடு மூன்றாண்டுகள் போராடினேன். அப்போராட்டத்தில் யான் செய்த பிழைகளை வெளிப்படக் கூறின், அவை பிறர் இல்லங்களில் நிகழாதொழியும் என்பதே என் கருத்து.

குழந்தைக்குத் திங்கள் நான்கு ஆனபோது இரு கன்னங்களும் தடித்து, பொருக்குத் தட்டி, நீர் கசியத் தொடங்கின. இரவெல்லாம் சொறிந்து அழும். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் இரத்தக் கறை. உறவினர் வந்தனர், தாய் கரப்பான் பண்டம் உண்டதே காரணம் என்றனர். கத்தரிக்காயை விலக்கினோம், கருவாட்டை விலக்கினோம், மீன், முட்டை, வேர்க்கடலை, பால் யாவற்றையும் விலக்கினோம். ஈற்றில், பாலூட்டும் தாய் இரசமும் சோறும் மட்டும் உண்டு இளைத்தாள்; கரப்பானோ சிறிதும் இளைக்கவில்லை.

பின்னர் யான் மருந்துக் கடைக்குச் சென்று, மருத்துவர் சீட்டின்றி ஒரு களிம்பு வாங்கி வந்தேன். மூன்றே நாளில் தோல் தெளிந்தது. நிறுத்திய வாரத்திலேயே நோய் மீண்டது. இவ்வாறு வாங்குவதும் தடவுவதுமாக ஐந்து திங்கள் கழிந்தன. கன்னத்தின் தோல் மெலிந்து உள்நரம்பு தெரியலாயிற்று. அக்களிம்பில் ஸ்டீராய்டு உண்டு என ஒருவர் சொல்லக் கேட்டு, நடுங்கி, எல்லா மருந்தையும் எறிந்துவிட்டேன். உடனே நோய் உடல் முழுதும் பரவிற்று. முன்னர்ச் செய்தது அறியாமையால். பின்னர்ச் செய்தது அச்சத்தால். இவ்விரண்டின் துன்பத்தையும் நுகர்ந்தது பேசவறியாத குழந்தையன்றோ? அதன் பின்னரே தோல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் அறிவுறுத்தியவற்றையும், பின்னர் யான் கற்றறிந்தவற்றையும் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, இந்நோயின் இயல்பு. தோல் நம் உடலுக்கு மதில் போன்றது. செங்கற்களிடையே சாந்து இருப்பதுபோல, தோலின் அணுக்களிடையே நெய்ப்பசை உண்டு. சில குழந்தைகட்கு இம்மதில் பிறவியிலேயே உறுதி குன்றியது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலுள்ள தூசும் கிருமியும் உட்புகும். தோல் வறண்டு, அழன்று, அரிக்கும். தோலின் உறுதிக்கு வேண்டிய பிலாக்ரின் என்னும் புரதத்தை ஆக்கும் மரபணுவின் குறை இந்நோய்க்கு ஒரு முக்கியக் காரணம் என்பதை, 2006-ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்து நாட்டு டண்டீ நகர ஆராய்ச்சியாளர் கண்டனர். இழுப்பும் ஓயாத தும்மலும் உள்ள குடும்பங்களில் இது மிகுதியாகக் காணப்படும். ஆகவே இது தாய் உண்ட கத்தரிக்காயின் குற்றம் அன்று, ஒட்டுவாரொட்டியும் அன்று. வீட்டிலுள்ளார் பலர்க்கும் இரவில் அரிப்பெடுப்பின், அது சிரங்காக இருத்தல் கூடும். அதற்கு மருத்துவம் வேறு.

இரண்டாவது, நாள்தோறும் செய்ய வேண்டுவன. வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் நீராட்டினால் போதும். கடலைமாவு, பயற்றமாவு, மணமுள்ள சோப்பு, பவுடர் ஆகியவற்றை ஒழிக்க. துண்டால் தேய்க்காது ஒற்றியெடுத்து, ஈரம் புலருமுன், மூன்று நிமிடத்திற்குள், மணமற்ற ஈரக்காப்புக் களிம்பை உடல் முழுதும் பூசுக. விலையுயர்ந்தது வேண்டா, வாஸ்லைன் போன்றதே போதும். வேர்வை மிகும் கோடையில் மெல்லிய களிம்பு நலம். நாளைக்கு இருமுறையேனும், நோய் தணிந்திருக்கும் நாளிலும் பூசுதல் வேண்டும். கைக்குழந்தைக்கே வாரத்திற்கு 100 கிராம் வரை செலவாகும். சிறு டப்பி ஒன்றை ஒரு திங்கள் வைத்திருப்போர் பூசவில்லை என்றே பொருள். நகத்தைக் குறுக வெட்டுக; பருத்தியாடை உடுத்துக. நீராட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தையும் விடுக. புகை தோலை உறுத்தும். களிம்பு ஊறிய துணியும் எளிதில் தீப்பற்றும்.

மூன்றாவது, யான் தடுமாறிய ஸ்டீராய்டு மருந்து. ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் நோய்க்குப் பயன்படுவது 1952-இல் வெளியாயிற்று. அது முதல் கரப்பானின் அழற்சியைத் தணிக்கும் முதன்மை மருந்து இவ்வகையே. இதனுள் மென்மையும் உண்டு, வன்மையும் உண்டு. முகத்திற்கு ஆவது வேறு, காலுக்கு ஆவது வேறு. குழந்தைக்கு ஏற்றதை மருத்துவரே தெரிதல் வேண்டும். பெரியவரின் சுட்டுவிரல் நுனி முதல் முதற்கணு வரை பிதுக்கிய களிம்பு ஏறக்குறைய அரை கிராம். அது பெரியவரின் இரு கையகலத் தோலுக்குப் போதும். அவர் சொன்ன அளவிலும் நாளிலும் இட்டு, தோல் வழவழப்பானபின் அவர் சொல்லியவாறு குறைத்தால், இது தீங்கு செய்வது அரிது. தீங்கு செய்வன, பல மருந்துகளைக் கலந்து கடையில் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும் வன்களிம்புகளே. 2018-இல் இந்திய அரசாங்கம் பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதவற்றுள் சேர்த்தது. சட்டம் உண்டு, அதனைக் காப்பது நம் கையிலும் உளது.

நான்காவது, உணவு. காரணம் தெளியாது தாய்க்கும் சேய்க்கும் உணவை விலக்குதல் ஊட்டக் குறைவையே தரும். இலண்டனில் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2015-இல் வெளிவந்தது. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 சிசுக்களில், ஒரு பகுதியார் ஓராண்டு நிரம்புமுன்னரே வேர்க்கடலை உணவை உண்டனர்; மற்றையோர் ஐந்தாண்டு வரை விலக்கினர். விலக்கியவருள் நூற்றுக்கு 17 பேர்க்கு வேர்க்கடலை ஒவ்வாமை தோன்றிற்று. உண்டவருள் 3 பேர்க்கே தோன்றிற்று. எனினும் கரப்பான் கடுமையாயின், மருத்துவரைக் கேட்டே தொடங்குக. முழுக்கடலை தொண்டையில் அடைக்குமாதலின் அரைத்தே ஊட்டுக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கரப்பான் உள்ள குழந்தைக்குத் திடீரெனக் காய்ச்சல் கண்டு, வலியோடு சிறு கொப்புளங்கள் கூட்டமாக எழுந்தால், அம்மை என்று எண்ணி வேப்பிலை கட்டிக் காத்திராதீர். உதட்டுப் புண்ணை உண்டாக்கும் ஹெர்ப்பீஸ் கிருமி கரப்பானில் பரவினும் அவ்வாறு தோன்றும். அது கண்ணையும் உயிரையும் கெடுக்க வல்லது. அன்றே மருத்துவமனை சேர்க. உதட்டில் புண்ணுள்ளோர் அக்குழந்தையை முத்தமிடலாகாது.

அன்பர்களே, இந்நோயில் "தீர்த்தல்" வேறு, "தணித்தல்" வேறு. ஒரே வேளையில் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரை நம்பற்க. நாள்தோறும் தணித்து வருவோமாயின், குழந்தை வளர வளரப் பலர்க்கு நோயும் மெலியும். என் மகள் இப்பொழுது பள்ளி செல்கிறாள். முழங்கை மடிப்பில் அவ்வப்போது வரும் கரப்பானுக்குக் களிம்பைத் தானே எடுத்து வருவாள். இரவில் உறங்குகிறாள், அவள் தாயும் உறங்குகிறாள். கரப்பான் கண்ட குழந்தையுள்ள வீட்டிற்குச் செல்வோர், "என்ன தின்றாய்?" என்று தாயை வினவாது, "இன்றிரவு யான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ உறங்கு" என்று கூறுவாராக. அதுவே நம் சங்கத்தார் ஒருவர்க்கொருவர் செய்யத்தக்க உதவியாகும்.