கடலலையில் மின்சாரம்: வரவும் செலவும்



எமது கரையில் ஓயாது மோதும் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கலாகாதா என்று கேட்கிறீர்கள். எடுக்கலாம்; எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991ஆம் ஆண்டு சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 150 கிலோவாற்று நிலையம் ஒன்றை இயக்கினர். கடலில் நிறுத்திய கொங்கிறீற்று அறைக்குள் அலை ஏறி இறங்க, உள்ளிருந்த காற்று அசைந்து சுழலியைச் சுற்றியது. ஆயினும் அது வணிகமாக வளரவில்லை. இன்று அது இயங்கவுமில்லை.

காரணம் யாது? அலையின் உயரம் பாதியானால் அதன் ஆற்றல் காற்பங்காகிவிடும். தென்மேற்குப் பருவத்தில் பொங்கும் கடல் மற்ற மாதங்களில் அடங்கிவிடும். நிலையத்தையோ பெரும்புயலுக்கும் தாங்குமாறு கட்டவேண்டும். செலவு புயலின் அளவுக்கு. வரவோ அன்றாட அலையின் அளவுக்கு. உப்பின் அரிப்பு வேறு.

ஸ்பெயின் நாட்டு முத்ரிக்குவில் ஒரு வழி கண்டனர். துறைமுகத்துக்கு எப்படியும் வேண்டிய அலைதடுப்புச் சுவருக்குள்ளேயே 16 சுழலிகளை அமைத்து, 2011இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். சுவரின் செலவு இரண்டுக்கும் பொதுவாயிற்று.

எமது பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. பேரலை அங்கு எழாது. வடமராட்சி கிழக்கிலும் வாடைக்காலத்தில்தான் கடல் கொந்தளிக்கும். ஆகவே இன்று எமக்குக் கைகொடுப்பது பளையிற் சுழலும் காற்றாலைகளே.

எனினும், கிழக்குக் கரையில் அலைதடுப்புச் சுவர் கட்டும் நாள் வரின், சுவர் எழுமுன் இக்கேள்வியைக் கேளுங்கள். அதற்கு, ஆண்டு முழுவதும் அலையை அளந்த கணக்கு உங்கள் கையில் இருக்கவேண்டும். அதனை இன்றே தொடங்கலாம்.