பாவமும் ஸ்பிரிங்கும்

ஐந்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மெக்கானிக்கல்காரன் ஐந்து நிமிடத்தில் நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை, முயற்சி பண்ணுகிறேன்.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அவர் அம்மா காய்கறி விற்றது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு உயரம் தாண்டினார்? 1.89 மீட்டர். இங்கே பலருடைய தலைக்கு மேலே! 2021-இல் டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிஸில் வெண்கலம். அப்புறமும் "பாவம், அந்தக் காலை வச்சுக்கிட்டு..." என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறோம்.

சரி, பாவப்பட முடியாத அளவுக்கு ஒருவர் தாண்டினால்?

ஜெர்மனியின் மார்க்குஸ் ரேம், வலது முழங்காலுக்குக் கீழே இழந்தவர். செயற்கைக்கால் செய்வது அவர் தொழில். 2014-இல் உல்ம் நகரில் நடந்த தேசியப் போட்டியில், இரண்டு காலும் உள்ளவர்களோடு நீளம் தாண்டி 8.24 மீட்டரில் முதலிடம். உடனே பாவம் போய், "அது கால் இல்லை சார், ஸ்பிரிங்" வந்துவிட்டது. பட்டத்தைப் பிடுங்கவில்லை, ஐரோப்பியப் போட்டிக்கு மட்டும் அழைத்துப் போகவில்லை.

ஸ்பிரிங் நம்ம ஏரியா. அந்தக் கார்பன் ஃபைபர் பிளேடில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. அழுத்தும்போது வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். வாங்கியதற்கு மேல் ஒரு ஜூல்கூடத் தராது. 2016-இல் ஆராய்ந்தவர்கள், ஓடிவரும்போது அது பாதகம், எம்பும்போது சாதகம், கூட்டிக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். ஆகவே சந்தேகப்படுவதில் தப்பில்லை. என் குறை வேறு. லாபம் இல்லை என்று நிரூபிக்கும் வேலையை வீரர் தலையிலேயே கட்டினார்கள். அமெரிக்க ஓட்டக்காரர் பிளேக் லீப்பர் வழக்கில், 2020-இல், அது தடகளச் சங்கத்தின் பொறுப்பு என்று விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. லீப்பருக்கு அனுமதி கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய பிளேடு உயரம் அதிகம் என்று முடிவாயிற்று. அளந்து சொன்னார்கள், அது முறை.

2012-இல் 7.35 மீட்டர் தாண்டிய ரேம், 2023-இல் 8.72 தாண்டினார். எல்லாம் பிளேடு செய்த வேலை என்றால், பிளேடு கட்டிய மற்றவர்கள் ஏன் அங்கே போய் விழவில்லை?

ஃபைனல் இயர் தம்பிகளே, ப்ராஜெக்ட் தலைப்பு வேண்டுமா? ஒரு பிளேடைப் பிடித்து நம்ம லேப் மெஷினில் லோடு ஏற்றி இறக்கி கிராஃப் போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவிலுள்ள பரப்புதான் இழந்த சக்தி. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.